மாரி ஜெயித்த மறுநாள்

கிண்டி ரேஸுக்குப் போய் வீட்டை விற்றவர்கள் உண்டு. பெண்டாட்டி கழுத்துத் தாலியை விற்றவர்கள் உண்டு. ஊரைவிட்டே ஓடிப்போனவர்களும் உண்டு. பதினோரு வருஷம் விடாமல் கிண்டிக்குப் போய், ஒரு காலணாகூட இழக்காமல் திரும்பின ஆள் தென்னாற்காடு ஜில்லாவில் ஒருத்தர்தான். விழுப்புரம் ஜங்ஷன் ஜட்கா ஸ்டாண்டு விருத்தாசலம். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. அவர் பணம் கட்டுவதில்லை. குதிரையைப் பார்க்கப் போவார், பார்த்துவிட்டு வருவார்.

"பணம் கட்டினவன் கண்ணு பணத்து மேல இருக்கும். ஓடுற காலு அவனுக்கு எங்க தெரியப் போவுது?" என்பார்.

கண்டமங்கலத்துக்குக் கிழக்கே, சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவர் அவர். மீசை முளைக்கும் முன்பே ரயில்வே துரை ஒருவரின் லாயத்தில் குதிரை லத்தி அள்ளப் போனார். அங்கே கண்ணால் பார்த்துக் கற்றதுதான் எல்லாம். லாடம் அடிப்பது, கொள்ளு வேகவைக்கிற பக்குவம், வயிற்றுவலி கண்ட குதிரையை விடிய விடிய நடத்துவது, ஒன்றையும் ஒருத்தரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம், அதன் வாசலில் வாத்தியார்களை இறக்கிவிட்டதோடு சரி. கையெழுத்து மட்டும் போடுவார். அப்படிப்பட்டவருக்கு நாற்பத்தெட்டாவது வயதில் நாலு ஜட்கா, ஐந்து குதிரை, ஓடு போட்ட வீடு. ஸ்டேஷனில் ஏறின சவாரி கோர்ட்டு வாசலில் இறங்குவதற்குள் இந்தக் கதை முழுவதையும் கேட்டாக வேண்டும். கேட்டால் என்ன? அதில் ஒரு சொல்லும் பொய் இல்லையே. உழைத்தவன் சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் சொல்லிக்கொள்வது?

தை மாதம் பெரிய கோப்பைப் பந்தயம் முடிந்து அவர் திரும்பி வருகிற நாளில், ஸ்டாண்டில் சவாரிகூட இரண்டாம்பட்சம்தான். குதிரைகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி ஓரம் எல்லாரும் கூடிவிடுவார்கள். பந்தயத்தை அவர் நடித்தே காட்டுவார். தோளில் கிடக்கிற துண்டு கடிவாளமாகிவிடும். எந்தக் குதிரை எந்த வளைவில் மூச்சுவிட்டது, எந்த ஜாக்கி எங்கே அவசரப்பட்டான் என்று அவர் சொல்லச் சொல்ல, கிண்டியையே பார்க்காதவர்களும் பார்த்துவிடுவார்கள்.

ஆனால் விக்கிரவாண்டியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஜட்காக்காரர்கள் அவரைத் தேடி வந்தது கதை கேட்க அல்ல. சுழி பார்க்க. குதிரை வாங்குவதற்கு முன்னால் விருத்தாசலம் ஒரு தடவை அதைச் சுற்றி வரவேண்டும். நெற்றியில், கழுத்தில், விலாவில் மயிர் சுழித்திருக்கிற இடங்களைத் தடவிப் பார்த்து, வைத்துக்கொள், வேண்டாம் என்று ஒரே வார்த்தை. எதற்கும் அசையாதவர் ஒரே ஒரு சுழியைக் கண்டால் மட்டும் கையை எடுத்துவிடுவார். இடது கண்ணுக்குக் கீழே, கண்ணீர் வழிகிற தடத்தில் இருக்கிற கண்ணீர்ச் சுழி. அது இருக்கிற குதிரை நிற்கிற வீட்டில் அழுகுரல் கேட்கும் என்பார். அவர் சொன்னால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. இருபத்தொன்பதாம் வருஷம் அவரிடமே அப்படி ஒரு குதிரை நின்றதும், அந்த ஆடியில் அவர் மனைவி பூமாலை வாந்திபேதியில் போனதும் விழுப்புரம் முழுக்கத் தெரியும். பட்டவர் சொல்கிறார், அதற்குமேல் என்ன வேண்டும்?

முப்பத்தேழாம் வருஷக் கடைசியில், மார்கழி பிறந்த சமயம், திண்டிவனத்திலிருந்து அப்துல் கரீம் ஒரு செவலைப் பெட்டைக் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்தான். முப்பது வயதுக்காரன். இருந்த குதிரை கிழடாகிப் போனதால், கையிலிருந்ததையும் மனைவி ஹலீமா பீவியின் காதிலிருந்ததையும் போட்டு, ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு புதுச்சேரி துரையிடம் அதை வாங்கியிருந்தான். வாங்கினபிறகு காட்ட வந்ததுதான் அவன் செய்த தப்பு. விருத்தாசலம் ஒரு சுற்று வந்தார். காலைப் பார்த்து முகம் மலர்ந்தார். முகத்துக்கு வந்ததும் கையை எடுத்தார்.

"வூட்ல வச்சிக்காத."

"அண்ணே, இருந்ததெல்லாம் போட்டு வாங்கிட்டேனே."

"அதுக்கு நான் இன்னா பண்றது? கண்ணீர்ச் சுழி. உம் பொண்டாட்டி வேற மாசமா இருக்கிறா."

பத்துப் பேர் முன்னால் சொன்னது அது. நாலு நாளில் திண்டிவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கரீம் வண்டியில் ஏற ஆட்கள் யோசித்தார்கள். ஹலீமா பீவிக்கு முன்பே இரண்டு பிள்ளைகள் பிறந்த சூட்டில் போயிருந்தன. மூன்றாவதுக்கு ஏழாம் மாதம். குதிரை வாசலில் நிற்கும்வரை சாப்பாடு இறங்காது என்றுவிட்டாள். சுழி தெரிந்த எந்த ஜட்காக்காரனும் அதை வாங்கவில்லை. கடைசியில் வாங்க ஒத்துக்கொண்டவன் ஒரு தோல் கிடங்குக்காரன். அவன் குதிரையை ஓட்டுவதற்கு வாங்குகிறவன் அல்ல. பெரிய கோப்பை முடிந்த மறுநாள் மதியம் வந்து அவிழ்த்துக்கொள்கிறேன் என்றிருந்தான். இது விருத்தாசலத்துக்கும் தெரியும். கிண்டிக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் யாரோ வந்து சொன்னார்கள். "பின்ன, வேற இன்னா பண்ணுவான்?" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

கிண்டியில் பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுவார்கள். மலிவு டிக்கெட்டுக்காரர்கள் கம்பிக்கு வெளியே நின்று பார்க்கலாம். அங்கிருந்து குதிரையின் வலது பக்கம்தான் தெரியும், இடது பக்கத்தை லாயக்காரர் மறைத்துக்கொண்டு நடப்பார். பதினோரு குதிரைகள். ஜனங்கள் எல்லாரும் ஒரு கறுப்புக் குதிரையைக் கத்தி அழைத்துக்கொண்டிருந்தார்கள். விருத்தாசலம் அதை ஒரு தடவை பார்த்ததோடு விட்டுவிட்டார். கழுத்தில் வேர்வை நுரைத்திருந்தது, ஓடுவதற்கு முன்பே பாதி ஓடிவிட்ட குதிரை. ஆறாவதாக வந்த பெட்டையைத்தான் அவர் கண் பிடித்தது. முன்னங்காலை அது கீழே போடவில்லை. சேற்றில் நாற்று வைக்கிற மாதிரி எடுத்து வைத்தது.

"இதான்" என்றார்.

பக்கத்தில் நின்ற பட்டணத்து ஆள் திரும்பினான். "இன்னா பெரியவரே, எவ்ளோ கட்டியிருக்கீரு?"

"கட்டல."

"கட்டாம எதுக்குய்யா இம்மாந் தூரம் வந்தீரு?"

"நீ கோயிலுக்குப் போனா சாமிய வாங்கிக்கினா வர்ற?"

அந்த ஆள் சிரித்துவிட்டுக் கறுப்புக் குதிரையில் கட்டப் போனான்.

பந்தயம் இரண்டரை நிமிஷம்கூட இல்லை. அதற்காக வருஷம் முழுவதும் காத்திருக்கிற மனுஷனை ஊரார் கேலி செய்ததுண்டு. ஆனால் அந்த இரண்டரை நிமிஷத்தில் விருத்தாசலம் கண்டமங்கலத்துக்காரரும் இல்லை, ஜட்காக்காரரும் இல்லை. முதல் வளைவில் கறுப்பு முன்னால் போனது. பெட்டை உள்கம்பியை ஒட்டி ஐந்தாவதோ ஆறாவதோ ஓடியது. மேலே உட்கார்ந்தவன் கெட்டிக்காரன், அதை ஒன்றும் தொந்தரவு செய்யவில்லை. கடைசி வளைவில் கறுப்பின் வாய் திறந்தது. திறந்ததை அவர் பார்த்தார், அவ்வளவு தூரத்திலிருந்து. அப்புறம் நடந்தது சத்தம்தான். பெட்டை எப்போது நீண்டது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. ஒரு குதிரை நீளம் முன்னால் போய் முடித்தது. அதற்குப் பிறகும் ஓட அதன் காலில் பாக்கி இருந்தது. விருத்தாசலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. நன்றாக ஓடின குதிரைக்கு அவர் செய்கிற மரியாதை அது.

கிண்டி லாயத்தில் இருபது வருஷமாக இருந்தவர் அமீர் பாட்சா, கோட்டக்குப்பத்துக்காரர். ஜில்லாக்காரர் என்ற பாசத்தில் ஒவ்வொரு வருஷமும் விருத்தாசலத்துக்கு ஒரு கிளாஸ் டீ கொடுத்து லாயத்து வாசல்வரை விடுவார். அந்த வருஷம் ஜெயித்த பெட்டையே அவருடைய பொறுப்பில் இருந்த குதிரை. பந்தய அட்டையில் அதன் பெயர் மேரிகோல்ட். அமீர் பாட்சா வாயில் அது மாரி.

"வாங்க விருத்தாசலம், பாத்தீங்களா எம் பொண்ண?"

"ரவுண்டு வரும்போதே சொல்லிட்டேன் பாய். பக்கத்துல நின்னவன கேட்டுப் பாருங்க. அந்த வைக்கிற காலு ஒண்ணு போதும்."

"நீங்க சொல்லாம யாரு சொல்றது?"

விருத்தாசலம் மாரியின் தோளைத் தட்டிக்கொடுத்தார், பிடரியைத் தடவினார், முன்னால் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார். கன்னத்துக்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. கண்ணுக்குக் கீழே, விரல் நுனி அகலத்தில், சந்தேகத்துக்கே இடமில்லாமல் மயிர் சுழித்திருந்தது.

"இன்னாங்க, தேளு கொட்டின மாதிரி கைய எடுத்துக்கினீங்க?"

"பாய், இதுக்குக் கண்ணீர்ச் சுழி இருக்குது."

"இருக்குது. இவ ஆத்தாளுக்கும் இருந்துச்சு. அதுவும் ரெண்டு கோப்ப வாங்கினதுதான்."

"மொதலாளிக்கு யாரும் சொல்லலியா?"

"சொல்லாம இருப்பாங்களா? வாங்கின அன்னிக்கே ஒருத்தர் சொன்னாரு. காலு ஓடுதா, சுழி ஓடுதான்னு கேட்டுட்டாரு மொதலாளி. அதோட சரி."

விருத்தாசலம் டீ கிளாஸை வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார். "உங்க வூட்ல ஒண்ணும் ஆவலியா?"

அமீர் பாட்சா வாளியில் தண்ணீர் மோந்துகொண்டே யோசித்தார். "நாலு வருசமா இவ காலடியில படுக்கிறேன். ரெண்டாவது பொண்ணுக்குக் கண்ணாலம் ஆச்சு. எங்கம்மா எம்பது வயசுல மீன் முள்ள அதுவே எடுத்துட்டுத் துன்னுது. போன வருசம் தம்பி மவன் கடல்ல பூட்டான், அழுதோம். இவ பொறக்கறதுக்கு மின்ன எங்கப்பா மவுத்தாப் போனாரு, அப்பவும் அழுதோம். சாவு இவள கேட்டுக்கினா வர்து? டீ ஆறுது, குடிங்க."

அன்று ராத்திரி எழும்பூரில் ஒரு சத்திரத்தில் படுத்துவிட்டு, காலைப் பாசஞ்சரில் ஏறினார். விழுப்புரத்துக்கு டிக்கெட். எப்போதும் ரயில் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பந்தயக் கதையை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்தி மூச்சுவாங்குவது என்று மனதுக்குள் கட்டிவிடுவார். அன்றைக்குக் கட்ட முடியவில்லை. கறுப்புக் குதிரையின் வாய் திறக்கிற இடம்வரை வருவார், அதற்குமேல் அந்த இடது கன்னம் வந்து நிற்கும்.

முதலில் சுழியின் பக்கம் நின்று வாதாடிப் பார்த்தார். ஒரு பந்தயம் ஜெயித்துவிட்டால் ஆயிற்றா? அந்த முதலாளி வீட்டில் நாளைக்கே ஏதாவது நடக்கலாமே. நடக்கலாம்தான். ஆனால் எந்த வீட்டில்தான் நாளைக்கு ஒன்றும் நடக்காது? எந்தக் குதிரையை எந்த வீட்டில் கட்டினாலும், பத்து வருஷம் பொறுத்திருந்தால் ஒரு சாவு விழத்தான் போகிறது. அப்படியானால் ஒருநாளும் தப்பாத ஜோசியம் அல்லவா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தோன்றியது. தப்பாத ஜோசியத்தில் என்ன கெட்டிக்காரத்தனம்?

சரி, ரேஸ் குதிரைக்கு ஒரு சாஸ்திரம், ஜட்கா குதிரைக்கு வேறு சாஸ்திரம் என்று வைத்துக்கொள்ளலாமா? அதற்கு அவருக்கே சிரிப்பு வந்தது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? இதுதான் மதுராந்தகம் தாண்டும்போது வந்த யோசனை. ஸ்டாண்டில் ஒருத்தனும் கிண்டிக்குப் போகிறவன் இல்லை. மாரி ஜெயித்த கதையை வலது பக்கத்தோடு சொல்லி முடித்துவிடலாம். நடையைப் பார்த்தே சொன்னேன் என்று மார்தட்டலாம், அது உண்மையும்கூட. இடது கண்ணை அவர் முதலில் பார்த்திருந்தால் அந்தக் குதிரையைச் சீ என்று ஒதுக்கியிருப்பார், அதுவும் உண்மை. அவருடைய கண் ஒன்று சொல்லியிருக்கிறது, அவருடைய வாய் ஒன்பது வருஷமாக இன்னொன்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒன்பது வருஷம். அச்சிறுபாக்கத்தில் ரயில் நின்றபோது அவர் அங்கே வந்து சேர்ந்துவிட்டார், வர விரும்பாத இடத்துக்கு.

அந்த ஆடி மாதம் காலையில் பூமாலை இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். கை சில்லென்று இருந்ததை அவர் தொட்டுப் பார்த்தார். அன்றைக்குக் கண்டமங்கலத்துக்கு ஒரு நாள் வாடகை. கல்யாண வீட்டுச் சவாரி, தான் பிறந்த ஊர்ப் பக்கம், பண்ணையில் அவர் அப்பனை அடா என்று அழைத்த குடும்பத்துக் கல்யாணம். அந்தத் தெருவுக்குள் சொந்த ஜட்காவை ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அவருக்கு எவ்வளவு நாள் ஆசை. "போய்ட்டு வா, எனக்கு சரியாப் பூடும்" என்றாள். போனார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினார். மறுநாள் காலையில் அவள் இல்லை. ஆஸ்பத்திரி அரை மைல். அவள் வாந்தி எடுத்த அந்தக் காலையில் பூட்டின வண்டி வாசலிலேயே நின்றது. ஆயிரம் பேரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன வண்டி அது.

துக்கத்துக்கு வந்த பெண்களில் ஒருத்திதான் குதிரை முகத்தைக் காட்டிச் சுழி என்றாள். அதுவரை சுழியைப் பற்றி அவர் கவலைப்பட்டதே கிடையாது, லாயத்தில் பேச்சாகக் கேட்டதோடு சரி. அந்த ஒரு சொல்லை விழுகிறவன் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் குதிரையை வந்த விலைக்குத் தள்ளினார். அதற்கப்புறம் ஊரில் எல்லாரும் குதிரையைப் பற்றிக் கேட்டார்கள். அன்றைக்கு நீ எங்கே போயிருந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டுவிடக்கூடாது என்றுதான் மற்றவர்கள் குதிரையிலெல்லாம் அந்தச் சுழியைத் தேடிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

ஒலக்கூர் தாண்டியது. அடுத்தது திண்டிவனம். மதியம் தோல் கிடங்குக்காரன் வருவான். அந்தச் செவலைப் பெட்டைக்கு ஆறு வயதுகூட ஆகவில்லை. அதுவும் காலை எடுத்துவைக்கிற ஜாதிதான்.

ரயில் நின்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

கரீம் வீட்டு வாசலில் பெட்டை கட்டியிருந்தது. வண்டி ஒரு ஓரமாக ஏர்க்காலைத் தரையில் ஊன்றிக் கிடந்தது. கரீம் அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா அண்ணே, கடைசியா ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

"விக்காத கரீமு."

"நீங்கதான வச்சிக்காதன்னீங்க?"

"சொன்னேன். தப்பு. நேத்து கிண்டில ஜெயிச்ச குதிரைக்கு இதே சுழி, இதே எடத்துல. கையால தொட்டுப் பாத்துட்டு வர்றேன்."

கரீம் அவர் முகத்தையே பார்த்தான். அப்புறம் சிரித்தான், சந்தோஷச் சிரிப்பு இல்லை. "நல்லாருக்குது. வச்சிக்காதன்னு பத்து பேரு மின்னாடி ஸ்டாண்டுல சொன்னீங்க. தப்புன்னு எங்க வாசல்ல வந்து எங்கிட்ட சொல்றீங்க. ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தா வெயில்ல நடந்து போறாரு அண்ணே, எவ்ளோ கூப்ட்டும் ஏற மாட்றாரு. அவரு வூட்டுக்கும் போய் சொல்லுவீங்களா?"

வாசல் படுதாவுக்குப் பின்னாலிருந்து ஹலீமா பீவி பேசினாள். "நீங்க சொன்ன நாள்லேர்ந்து நான் தூங்கல அண்ணே. இன்னிக்கு வந்து இல்லங்கிறீங்க. இதுல எத நம்பறது? ரெண்டு புள்ளைங்கள மண்ணுக்குக் குடுத்தவ நான்."

விருத்தாசலம் படுதாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டார். "அந்த ரெண்டும் பூட்டப்போ இங்க எந்தக் குதிர நின்னுதும்மா?"

"பழைய குதிர."

"அதுக்கு இந்தச் சுழி இருந்துச்சா?"

கரீம்தான் பதில் சொன்னான். "இல்ல. அத ராசியான குதிரன்னு நீங்கதான் சொன்னீங்க."

படுதா விலகியது. ஹலீமா பீவி வெந்த கொள்ளுப் பாத்திரத்தை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அது அவருக்கு இல்லை, குதிரைக்கு.

"வண்டிய பூட்டு" என்றார் விருத்தாசலம். "ஜல்தி. தோல் கிடங்குக்காரன் வந்தா விக்கலன்னு வூட்ல சொல்லச் சொல்லு. நேரா விழுப்புரம். நான் பின்னால ஒக்காந்துக்கினு வர்றேன்."

"இருவத்திமூணு மைலா?"

"இது ஓடும். நடுவுல தண்ணி காட்டினா போதும்."

இன்னொருத்தன் வண்டியில் அவர் சவாரியாக உட்கார்ந்தது முதல் ஜட்கா வாங்கின நாளிலிருந்து அதுவரை கிடையாது. கையில் கடிவாளம் இல்லாமல் வைக்கோல் மெத்தையில் காலை மடக்கி உட்கார்வது என்னவோ போல் இருந்தது. டிரங்க் ரோட்டில் இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டை சீராக ஓடியது. பின்னாலிருந்து பார்க்கும்போதுதான் ஒன்று அவருக்குப் பட்டது. மாரிக்கு வருஷத்தில் நாலைந்து தடவை இரண்டரை நிமிஷம். முதுகில் ஒற்றை நாடி ஜாக்கி, கீழே புல்தரை, முடிந்ததும் ஆயிரம் பேர் கைதட்டல். இதுவோ நாலு ஆளையும் டிரங்குப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு கப்பி ரோட்டில் நாள் முழுக்க ஓடும். இதை யாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதில்லை. பதினோரு வருஷமாகக் கிண்டிக்குப் போனவர், தான் தினமும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்திருக்கக்கூடியதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

விக்கிரவாண்டியில் தண்ணீர் காட்டினார்கள். அங்கே இருந்த இரண்டு வண்டிக்காரர்கள் பெட்டையின் முகத்தையும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கேட்க ஒருத்தனுக்கும் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு விழுப்புரம் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழைந்தது. ரயிலில் வரவேண்டியவர் ஜட்காவில் வருவதைப் பார்த்து முதலில் வாய்விட்டது அந்தோணிசாமி. அவரைவிட நாலு வயது சின்னவன், ஒற்றை வண்டிக்காரன், ஸ்டாண்டில் அவரை நேருக்கு நேர் கேலி பண்ணக்கூடிய ஒரே ஆள்.

"இன்னாண்ணே, கிண்டிலேர்ந்தே குதிர மேல வந்துட்டியா? நாங்க காலைலேர்ந்து தொட்டிகிட்ட காத்துக்கினு கெடக்கிறோம். யாரு ஜெயிச்சா?"

விருத்தாசலம் இறங்கினார். கரீம் பெட்டையின் இடது முகத்தை எல்லாருக்கும் தெரியும்படி திருப்பிப் பிடித்தான். அவர் அவனிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

"இதே சுழி இருக்கிற பெட்ட ஒண்ணு ஜெயிச்சுது" என்றார். "இதே கண்ணுக்குக் கீழ. நான் இத வச்சிக்காதன்னு சொன்னது தப்பு. இது நல்ல குதிர. திண்டிவனத்துலேர்ந்து வந்திருக்கிறேன், ஒரு எடத்துல கால் எடறல. நான் சொன்னத நீங்க நாலு பேரும் எங்கெங்க சொன்னீங்களோ, அங்கெல்லாம் இதையும் சொல்லுங்க."

யாரோ ஒருத்தன் கனைத்தான். அந்தோணிசாமி முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"இப்ப இன்னா சொல்ற? அந்தச் சுழி ஒண்ணும் பண்ணாதா?"

"பண்ணாது."

"எட்டு வருசத்துக்கு மின்ன என் வெள்ளக் குதிரைக்கு அதே சுழின்னு நீ சொன்ன. மறுநாளே வித்தேன். ஒரு வருசம் அடுத்தவன் வண்டிய ஓட்டினேன். எம் பொண்ணு படிப்ப அந்த வருசம்தான் நிறுத்தினேன்."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"இன்னாத்துக்குச் சொன்ன?"

இதற்கு விருத்தாசலத்திடம் பழக்கமான பதில் ஒன்று இருந்தது. பட்டவன் சொல்றேன் என்கிற பதில். அது வாய்வரை வந்தது.

"பூமாலை செத்தது சுழியால இல்ல அந்தோணி" என்றார். "அன்னிக்கு அத ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருக்கணும். நான் கண்டமங்கலத்துக்குச் சவாரி போனேன். அந்தத் தெருவுல என் வண்டிய காட்டணும்னு போனேன். அத யார்கிட்டயும் சொல்ல முடியல. குதிர மேல போட்டுட்டேன்."

அத்தனை பேச்சுக்காரர் பாதியில் நின்றுபோய் ஒருத்தரும் பார்த்ததில்லை. புதுச்சேரி வண்டி பிளாட்பாரத்துக்குள் வருகிற சத்தம் கேட்டது. எல்லாரும் அவரவர் வண்டிக்குப் போனார்கள், போக ஒரு காரணம் கிடைத்ததே என்று.

ஸ்டாண்டில் முறை உண்டு. அந்த ரயிலுக்கு முதல் சவாரி அந்தோணிசாமிக்கு. வெளியூர் வண்டிக்கு முறையே கிடையாது, எல்லா வண்டியும் போனபிறகு மிச்சம் இருந்தால் உண்டு. மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இடுப்பில் கைக்குழந்தை. கீழ்ப்பெரும்பாக்கம் போகவேண்டும் என்றார் அந்த மனுஷர். அந்தோணிசாமி தன் வண்டியின் பின்கட்டையைத் திறக்கப்போனவன் நின்றான். கரீமின் பெட்டையை ஒரு தடவை பார்த்தான்.

"அந்த பாய் வண்டில ஏறுங்க" என்றான். "நல்ல குதிரதான். கொழந்தைக்கு ஆட்டம் தெரியாது."

கரீம் ஒன்றும் புரியாமல் விருத்தாசலத்தைப் பார்த்தான். "பாத்துக்கினு நிக்காத, மூட்டைய வாங்கு" என்று அந்தோணிசாமிதான் அவனை அதட்டினான். முதலில் அந்தப் பெண் ஏறினாள், குழந்தையை வாங்கிக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

விருத்தாசலம் அந்தோணிசாமி அருகே போய் நின்றார். அவன் தன் குதிரையின் கழுத்துப் பட்டையை அவிழ்த்து, அவிழ்க்கத் தேவையில்லாததை, மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தான். அவரைப் பார்க்கவில்லை. அவனுக்கு அடுத்த சவாரி வரும்வரை அவர் அங்கேயே நின்றார்.